ஈபி இணைப்பே இல்லாமல் சோலாரில் மட்டும் வீட்டை ஓட்ட முடியுமா? எவ்வளவு ஆகும்?

ஓட்டலாம். ஆனால் நீங்கள் கேள்வியில் கொடுத்திருக்கும் விவரப்படி (தஞ்சாவூர் பக்கம் சொந்த மாடி வீடு, நாலு பேர், ஏசி கிடையாது, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்) கையில் இருக்கிற மலிவான கரண்டை விட்டுவிட்டு விலை கூடின கரண்டை வாங்கின கதையாகத்தான் முடியும். பேனல் விலை இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பணம் கரைவது ராத்திரிக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கும்.

400 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு ஆறரை யூனிட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் தினம் சராசரியாக நாலு யூனிட் கொடுக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டு கிலோவாட் போதுமே என்று தோன்றும். போதாது. பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் போகும், மேகம் போட்டால் பாதிக்கும் கீழே விழும், அதனால் ஈபி இணைப்பே இல்லாத ஆஃப்கிரிட் வீட்டுக்கு நாலு கிலோவாட்டாவது போட்டாக வேண்டும். பேனல், ஸ்டாண்டு, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து நான் விசாரித்த வகையில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். இன்வெர்ட்டர் ஒரு எழுபதாயிரம். மொட்டை மாடியில் நானூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்தில் தென்னை இருந்தால் காலையில் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள். ஒற்றை மட்டை நிழல் குறுக்கே விழுந்தாலும் அந்த வரிசைப் பேனல்கள் எல்லாமே சோர்ந்து போக வாய்ப்பு உண்டு.

அடுத்தது பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டருக்கு நாம் வாங்குகிற 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூப்புலர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறைந்துவிடும் என்பதால் நிஜத்தில் கைக்கு வருவது 0.9 யூனிட். டெல்டாவில் அடைமழை பிடித்தால் மூன்று நாள் விடாது. அந்த மூன்று நாளைக்கு இருபது யூனிட் சேர்த்து வைக்க வேண்டும் என்றால் இருபத்திரண்டு பேட்டரி ஆகிறது. ஒன்று பதினைந்தாயிரம் என்றே வையுங்கள், மூன்று லட்சத்தைத் தாண்டும். நாலைந்து வருடத்தில் மறுபடி அதே செலவு. லித்தியம் என்றால் எண்பது சதவீதம் வரை தைரியமாக இறக்கலாம், பத்து வருடம் போல உழைக்கும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் அதே இருபது யூனிட்டுக்கு 25 கிலோவாட் மணி, அதாவது 25 யூனிட் பிடிக்கிற பேட்டரி வேண்டும். எனக்குச் சொன்ன விலைப்படி நாலரை லட்சம் வரும். மொத்தம் ஏழு லட்சத்தை நெருங்கிவிட்டோமா?

இதற்கு எதிரே உங்கள் கரண்ட் பில்லை வையுங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட்டுக்கு வருவது சுமார் 1,200 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறுக்கு இரண்டேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அதற்கப்புறம் ஐந்து ரூபாய்க்கும் கீழே. வருடத்துக்கு ஏழாயிரம் சொச்சம். ஏழு லட்சத்தை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டால் வருகிற வட்டியிலேயே இந்தப் பில்லை ஐந்து மடங்கு கட்டிவிடலாம். மழை நாளுக்கு ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறேன், ஒரு ராத்திரிக்கு மட்டும் பேட்டரி போதும் என்று சுருக்கினால் மூன்று, மூன்றரை லட்சத்தில் முடிக்கலாம். ஜெனரேட்டர் விலையும் டீசலும் தனி. அப்போதும் கணக்கு உதைக்கிறது.

மானியத்தை நம்பி இருந்தீர்கள் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் கிடைக்கும். அது மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலாருக்கு மட்டும்தான். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இணைப்போடு போடும் ஆன்கிரிட் சோலார்கூட எல்லோருக்கும் லாபம் இல்லை என்பது என் கருத்து. விற்க வருகிறவர் சொல்ல மாட்டார். நம் மாநிலத்தில் மேலே போகப் போகத்தான் யூனிட் விலை ஏறுகிறது. 500 தாண்டினால் சலுகை விலையும் போய்விடும், அந்த ஒரு யூனிட்டுக்கே பில் இருநூறு ரூபாய்க்கு மேல் தாவும். ஆகவே 800 யூனிட் ஓட்டுகிற ஏசி வீட்டுக்கு ஒரு பில் ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. அவர் மூன்று கிலோவாட் போட்டால் மானியம் போகச் செலவாகும் ஒரு லட்சத்துச் சொச்சத்தை நாலைந்து வருடத்தில் எடுத்துவிடுவார். உங்கள் பில்லுக்கு அதே சோலார் பதினைந்து வருடம் இழுக்கும். அடுத்த வருடம் ஏசி போடப் போகிறேன், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன் என்றால் அப்போது பாருங்கள்.

ஆன்கிரிட்டில் இன்னொரு சங்கதி, பலருக்கு மாட்டின பிறகுதான் தெரிகிறது: கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும்.

நீங்கள் துண்டிக்க நினைப்பதற்குக் காரணம் பில் இல்லை, புயல்தான் என்றால் அது எனக்கு நன்றாகவே புரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பக்கக் கிராமங்களில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது; ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம், செல்போனுக்குச் சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள். ஆனால் அந்தக் காற்றில் கூரையோடு பறந்த பேனல்களையும் பார்த்தேன். புயலுக்காகப் போடுகிறீர்கள் என்றால் ஸ்டாண்டை மாடித் தளத்தில் கான்கிரீட் அடித்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். இரும்புக்கும் சிமெண்டுக்கும் ஆகிற செலவில் பேரம் பேசாதீர்கள்.

முழுக்க ஈபி இல்லாமல் நன்றாக ஓடுகிற ஒரு வீடும் எனக்குத் தெரியும். சித்தப்பாவின் தோப்பு வீடு. கடைசிக் கம்பத்திலிருந்து அங்கே லைன் இழுக்கக் கேட்ட தொகைக்குச் சோலாரே மலிவாகப் போயிற்று. ஒரு கிலோவாட் பேனல், இரண்டு பேட்டரி. நாலு விளக்கு, இரண்டு ஃபேன், டிவி, மிக்ஸி, கிரைண்டர். தண்ணீருக்குத் தனியாகச் சோலார் பம்பு, அது பேட்டரி இல்லாமல் பகலில் மட்டும் ஓடும். சித்தி மாவு ஆட்டுவது பதினொரு மணிக்கு மேல்தான். “வெயில் ஏறட்டும் தம்பி, இப்பப் போட்டா கத்தும்” என்பார். கத்துவது இன்வெர்ட்டர். மூடாக்கு நாளில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்போது மிக்ஸியைத் திருகினால் ‘கீ கீ’ என்று அலறி மொத்த வீட்டையும் அணைத்துவிடும். பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியைச் சித்தப்பா வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுவார். இரண்டு பேர் இருக்கிற வீடு, வெயிலைப் பார்த்து வேலையை மாற்றிக்கொள்கிற ஆட்கள், அதனால் நடக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற உங்கள் வீட்டில் அடைமழை ராத்திரியில் யாருடைய ஃபேனை நிறுத்துவது?

கரண்ட் எடுக்கிற காற்றாடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கன்னியாகுமரி பக்கம் முப்பந்தலில் ஓடுகிறதே என்று நம் மாடியில் வைக்க முடியாது. அங்கே கணவாய் வழியாகக் காற்று நெருக்கி வருகிறது. காற்றின் வேகம் பாதியானால் கரண்ட் எட்டில் ஒரு பங்காகிவிடும், நம் ஊர் வீட்டு மாடிக்காற்று அந்த ரகம். விட்டுவிடுங்கள்.

சாண எரிவாயு அப்படி இல்லை, மாடு இருந்தால் நல்ல யோசனை. ஒரு கனமீட்டர் கலனுக்குத் தினம் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும், அதாவது இரண்டு மூன்று மாடு. மாதம் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் மிச்சம், கழிவு வாழைக்குப் போகும். மாடு இல்லாமல் சமையலறைக் கழிவை மட்டும் நம்பிக் கலன் வாங்கியவர்கள் பலர் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஃபேன்களை மாற்றுவேன். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற கரண்ட் குறைவாக இழுக்கும் புது ரகம் 30 வாட். நாலு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் ராத்திரிக்கு 1.8 யூனிட் மிச்சம், மேலே சொன்ன கணக்கில் இரண்டு பேட்டரி வாங்குகிற வேலையை அது செய்துவிடுகிறது. கீசர் இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர். அப்புறம் 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டில் இருக்கிறது என்றீர்களே, அது கெட்டுப் போகும்போது அதே மாதிரி இன்னொன்று வாங்காமல் ஹைபிரிட்டாக வாங்கி ஒரு கிலோவாட் பேனலோடு தொடங்குங்கள். ஈபி இருக்கட்டும். விலைப்பட்டியலில் பேட்டரியை வெறும் ஏஎச் கணக்கில் போட்டிருந்தால், எத்தனை யூனிட் கைக்கு வரும் என்று எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.