மாடல் ஒரு கணக்கு, மீட்டர் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் பொறுப்பில் உள்ள நகரப் பகுதியில் அலுவலகம், கடை, குடியிருப்பு என 800 கட்டடங்கள். எரிசக்திச் சீரமைப்பை எதிலிருந்து தொடங்குவது? சோதனைக்காக ஓர் அலுவலகத்தை, கட்டடத்தின் எரிசக்திப் பயன்பாட்டைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் மாடல் செய்தோம். பில்படி ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட், மாடல் 4.2 லட்சம்தான் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: மாடல் குறைத்துக் காட்டினால் முதலில் இரவு நேரத்தைப் பாருங்கள். மாடலுக்குக் கொடுக்கும் ஆயத்தப் பயன்பாட்டு அட்டவணைகளில் அலுவலகம் மூடியதும் கருவிச் சுமை பெரிதும் இறங்கிவிடும். நிஜத்தில் சர்வர், பம்ப், அணைக்காத கணினி, யாரும் இல்லாத தளத்துக்கு ஓடும் ஏசி எல்லாம் விடிய விடிய இழுத்துக்கொண்டிருக்கும். இரவில் மெயின் மீட்டர் மாடலைவிட 20 கிலோவாட் கூடுதலாகக் காட்டுகிறது என்று வையுங்கள். 12 மணி நேரம், 365 நாள்: 87,600 யூனிட். உங்கள் இடைவெளியில் ஏறத்தாழப் பாதி இதிலேயே போய்விடும்.

அடுத்தது வானிலைக் கோப்பு. வழக்கமாகப் பதிவிறக்கும் கோப்பு பல ஆண்டுகளிலிருந்து பொறுக்கிய மாதங்களை ஒட்டிச் செய்த 'சராசரி ஆண்டு'. பில்லோடு ஒப்பிட, அந்தப் பில் வந்த ஆண்டின் வானிலையே வேண்டும். மீட்டர் ரீடிங் 17ஆம் தேதி எடுத்தால் மாடலின் மாதத்தையும் 17இலிருந்து வெட்டுங்கள்.

பிறகுதான் ஏசியின் உண்மையான செயல்திறன் (பெயர்ப்பலகை எண் புதிய இயந்திரத்துக்கானது), தெர்மோஸ்டாட் அளவு, காற்றுக் கசிவு. கசிவை அளப்பது கடினம் என்பதால் பலர் அதைத் திருகியே கணக்கை நேராக்கிவிடுகிறார்கள். அப்படிப் பொருத்திய மாடல் ஜன்னல் மாற்றத்துக்கு இல்லாத லாபத்தைக் காட்டும். ஆதாரம் கிடைத்த உள்ளீட்டை மட்டும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

எப்போது போதும்? ஆஷ்ரே (அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கம்) வழிகாட்டி 14இன்படி மாதத் தரவுக்கு மொத்தச் சாய்வு, அதாவது பில்லுக்கும் மாடலுக்கும் உள்ள மொத்த வேறுபாடு, ±5 சதவீதத்துக்குள், மாதாமாத விலகலைக் காட்டும் சி.வி.ஆர்.எம்.எஸ்.இ. 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் தேவை. கோடையில் கூடியதும் குளிரில் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாய்வு பூஜ்ஜியமாகத் தெரியலாம்.

இனி கட்டடங்களை ஒப்பிடும் குறியீடு. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்பதே அடிப்படை. ஆனால் எந்தப் பரப்பால் வகுத்தீர்கள்? உங்கள் அலுவலகம் 5,000 சதுர மீட்டர் என்றால் 120. அதில் 1,500 கார் நிறுத்துமிடம் என்று கழித்தால் 171! 800 கட்டடத்துக்கும் ஒரே வரையறை இல்லாவிட்டால் பட்டியலே வீண். அதோடு, இந்த எண் பழுதைக் கண்டுபிடிக்கத்தான்; வரிசைப்படுத்த அல்ல. 100 சதுர மீட்டர் கடை 400இல் ஓடினாலும் மொத்தம் 40,000 யூனிட்தான். 20,000 சதுர மீட்டர் அலுவலகம் 150இல் ஓடினால் 30 லட்சம்; அதில் பத்தில் ஒன்று மிச்சமானாலே கடையின் மொத்தச் செலவைப்போல் ஏழரை மடங்கு. முன்னுரிமையை மிச்சமாகும் மொத்த யூனிட்டாலும் அதற்கான செலவாலும் தீர்மானியுங்கள். எரிவாயுவும் பயன்பட்டால் கார்பன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். மின்சாரத்தையும் எரிவாயுவையும் வெறும் யூனிட்டாகக் கூட்டினால் படம் மாறிவிடும்.

எண்ணூறையும் தனித்தனியே மாடல் செய்ய வேண்டியதில்லை. பயன்பாடு, கட்டிய காலம், ஏசி வகை ஆகியவற்றால் பத்துப் பதினைந்து மாதிரி வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில கட்டடங்களை பில்லோடு சரிபாருங்கள். பக்கத்துக் கட்டடத்தின் நிழலை விட்டால் குளிரூட்டும் சுமை மிகையாகும். ஒட்டிய சுவரை வெளிச்சுவராகக் கொடுத்தால் வெப்பம் இல்லாத வழியில் பாயும். விமான நிலைய வானிலை நெருக்கமான தெருவின் இரவு வெப்பத்தைக் காட்டாது.

கடைசியாக, மிச்சங்களைக் கூட்டாதீர்கள். எல்இடி போட்டால் உள்ளே வெப்பம் குறைந்து ஏசிச் சுமையும் இறங்கும். அதற்குப் பின் புதிய ஏசி மிச்சப்படுத்த எஞ்சியிருப்பது குறைவு. குளிர்ப் பகுதியிலோ சூடேற்றும் செலவு கொஞ்சம் ஏறும். மாற்றங்களைத் தனித்தனியாக ஓட்டாமல், செய்யப்போகும் வரிசையிலேயே தொகுப்பாக ஓட்டுங்கள்.