குழந்தை இதய அறுவையில் முப்பரிமாண மாதிரி: கேள்வி பதில்

சுமதி: என் பையனுக்கு இதயத்தில் ஓட்டை. அறுவைக்கு முன் அவன் இதயத்தின் முப்பரிமாண மாதிரியை அச்சடிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

ஒரே ஓட்டை, மற்றபடி அமைப்பு சரி என்றால் தேவையில்லை. எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், போதும். அதற்கென்று பணம் செலவழிக்காதீர்கள்.

இம்ரான்: அப்படியானால் யாருக்குத்தான் தேவை?

உள்ளமைப்பே இடம் மாறியிருக்கும் குழந்தைகளுக்கு. பெருந்தமனி, நுரையீரல் தமனி இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்பும் பிறவிக் குறை ஒன்று உண்டு. இடது கீழறை ரத்தம் வெளியேற, கீழறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டைதான் வழி. அங்கிருந்து பெருந்தமனி வரை ஒட்டுத்துண்டால் ஒரு சுரங்கப் பாதை தைத்துவிட்டால், இரண்டு கீழறைகளும் தத்தம் வேலையைப் பார்க்கும். ஓட்டை தள்ளி இருந்தாலோ, வால்வின் இழைகள் குறுக்கே வந்தாலோ அது கடினம். பிறகு ஃபான்டன் என்னும் அறுவை வழிதான்: ஒற்றைக் கீழறையை நம்பியிருக்க வேண்டும், உடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேரே நுரையீரலுக்குப் போகும். குழந்தையின் எதிர்காலமே இந்த முடிவில் இருக்கிறது. அறுவை மேசையில் இதயத்தை நிறுத்தியபின் அது ரத்தம் வடிந்து துவண்டு கிடக்கும். நிதானமாக யோசிக்க அங்கே நேரம் இல்லை. மாதிரி என்றால் வலது கீழறைச் சுவரை முந்தைய நாளே ஜன்னல்போல் வெட்டித் திறந்து, கத்தி பிடிப்பவர் பார்க்கும் அதே கோணத்தில் ஓட்டையைப் பார்த்துவிடலாம்.

கீதா, செவிலியர்: எப்படிச் செய்கிறார்கள்?

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து. துண்டு துண்டாக, எது ரத்தம், எது தசை என்று கணினியில் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். உழைப்பெல்லாம் அங்கேதான், அச்சடிப்பது இயந்திரத்தின் பாடு. பச்சிளங்குழந்தையின் மெல்லிய சுவர் பல நேரம் படத்தில் சரியாக விழாது. ரத்தம் நிற்கும் இடத்தைச் சுற்றி நாமே ஒரு தடிமன் கொடுத்துவிடுகிறோம். ஆகவே மாதிரியின் சுவரை அளந்து முடிவெடுக்கக் கூடாது.

முரளி: இதனால் பயன் என்று ஆய்வு இருக்கிறதா?

2017-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 10 மையங்கள், 40 நோயாளிகள். 19 பேருக்கு மாதிரியைப் பார்த்தபின் அறுவைத் திட்டம் மாறியது. ஆனால் எல்லோரும் பொறுக்கியெடுத்த சிக்கலான நோயாளிகள். திட்டம் மாறியது வேறு, குழந்தை பிழைத்தது வேறு. இதை மறந்துதான் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. நம் பக்கத்தில் கொச்சி அமிர்தா மருத்துவமனைக் குழுவும் அதே ஆண்டு தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறது.

ரேவதி: மாதிரியில் தெரியாதது என்ன?

வால்வின் இதழ்களும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் இழைகளும். சி.டி.யில் அவை தெளிவாக விழுவதில்லை. மேலே சொன்ன சுரங்கத்தை மறிப்பவையும் அவையே! அவற்றுக்கு எக்கோதான் கண். போதாக்குறைக்கு மாதிரி துடிப்பதில்லை. ஒரு நொடியின் இதயம் மட்டுமே அது. மாதிரி கைக்கு வந்ததும் எக்கோவை ஒதுக்கிவைப்பவரைக் கண்டால் எனக்குப் பயம்.

சரவணன், பொறியியல் மாணவர்: எங்கள் கல்லூரி முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்துத் தரலாமா?

பெற்றோருக்கு விளக்கவும் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் தாராளமாக. தையல் பழக அதில் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் உதவாது, ஊசி இறங்காது. கனடாவில் டொராண்டோ நகரின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை அறுவைப் பயிற்சிகளில் வெட்டித் தைக்க நெகிழும் பொருளில் அச்சடிக்கிறார்கள். அறுவைத் திட்டத்துக்கு என்றால், அச்சடிக்கும் முன் கதிரியக்க மருத்துவர் ஒருவர் மாதிரியின் கணினிக் கோப்பினை மூல சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்காத கோப்பினை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.