பால் சேர்க்காதவர்கள் புளித்த உணவு சாப்பிட்டால் மனச்சோர்வு குறையுமா? ஊட்டிக் குளிரில் அதை எப்படிச் செய்வது?

சாப்பிடுங்கள். குடலுக்கு நல்லது, மனசுக்கும் கொஞ்சம் கை கொடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் மனச்சோர்வுக்கு அது சிகிச்சை ஆகாது.

கேட்டவர் வேலை மாற்றலாகி ஊட்டிக்கு வந்திருக்கிறார். பால், தயிர், மோர் எதுவும் எடுப்பதில்லை. ஜூன் மழை பிடித்ததிலிருந்து மனசு எதிலும் ஒட்டவில்லை என்கிறார். பழைய சோறும் புளித்த காய்கறியும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கோத்தகிரிக்காரி, உணவியல் படித்தவள். மலைக்கு வேலைக்கு வந்தவர்கள் பலர் என்னிடம் இதையே கேட்பதுண்டு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பால் எடுப்பதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் பி12. அது குறைந்தால் களைப்பு, மறதி, கை கால் மதமதப்பு, எதிலும் நாட்டமில்லாமை எல்லாம் வரும். பழைய சோற்றில் பி12 ஏராளம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். அரிசியையும் காய்கறியையும் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் நம் தேவைக்குப் போதுமான பி12 தருவதில்லை. முழுக்கத் தாவர உணவு உண்பவர்களுக்கு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். பி12, வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் ஒரே தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் இங்கே வெயில் முகம் காட்டாமலே வாரங்கள் போகும், டி குறைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் 14416 இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

இனி குடலும் மனசும். "மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் சுரக்கிறது, குடலைக் கவனித்தால் சந்தோஷம் தானாக வரும்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். குடலில் சுரப்பது உண்மை. ஆனால் அந்த செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலிலிருந்து மூளைக்குச் சேதி போவது வேறு வழிகளில். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள் இன்னொரு வழி. அழற்சி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்திருக்கும் நிலை, மூன்றாவது வழி. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகள் கூடுதலாக இருக்கின்றன.

இந்த மூன்றாவது வழியில்தான் புளித்த உணவுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் கிடைத்திருக்கிறது. 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரம் ஒரு பாதிக்குப் புளித்த உணவும் மறுபாதிக்கு நார்ச்சத்து உணவும் கொடுத்தார்கள். புளித்த உணவு உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. மனநிலைக்கு நெருக்கமானது அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த ஆய்வு, 2022-ல் வெளியானது. 45 பேர், 4 வாரம். புளித்த உணவோடு வெங்காயம், கோஸ், முழுத் தானியம், பருப்பு வகை எல்லாம் சேர்ந்த சாப்பாடு. அதை எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டார்களோ அவ்வளவுக்கு மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் நோயில்லாதவர்கள், புளித்த உணவை மட்டும் தனியாகச் சோதிக்கவும் இல்லை. இதற்கு முன்பு, 2011-ல், எலிகளின் பயத்தைக் குறைத்த ஒரு லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகையைப் பற்றி உலகமே பேசியது. 2017-ல் அதையே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பலனும் தெரியவில்லை. அதனால்தான் "வாய்ப்பிருக்கிறது" என்பதோடு நிறுத்துகிறேன்.

சரி, எதைச் சாப்பிடுவது? இட்லி, தோசை, ஆப்பம் மூன்றும் நல்ல சாப்பாடு. புளிக்கும்போது பி வைட்டமின்கள் கூடுகின்றன, சத்து எளிதாக உடம்பில் சேர்கிறது. ஆனால் ஆவியிலும் கல்லிலும் வெந்தபின் உயிருள்ள பாக்டீரியா மிஞ்சாது. கடை ஊறுகாயில் பெரும்பாலும் எண்ணெயும் வினிகரும்தான். உயிரோடு உள்ளே போவது பழைய சோறு, நீராகாரம், காய்ச்சிக் கரைத்து ஒரு ராத்திரி வைத்த ராகிக் கூழ், உப்புத் தண்ணீரில் ஊறிய மாவடு மாதிரியானவை. தேயிலைத் தூளும் புளிக்க வைத்ததுதானே என்று எஸ்டேட்டில் கேட்பார்கள். ஃபேக்டரியில் அந்தக் கட்டத்தில் நடப்பது இலையின் நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை, அதில் நுண்ணுயிருக்குப் பங்கில்லை.

பழைய சோற்றுக்கு இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரி ராத்திரியில் சமையலறையே ஃபிரிட்ஜ். தண்ணீர் ஊற்றிய சோறு காலையிலும் அப்படியேதான் இருக்கும், புளிப்பே ஏறாது. முந்தின நாள் நீராகாரம் ஒரு கரண்டி விட்டு, சட்டியைத் துணியால் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். மோர் இல்லாமல் உப்பும் சின்ன வெங்காயமும் போதும். வெங்காயத்தில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து குடல் பாக்டீரியாவுக்குத் தீனி.

ஆனால் நான் உங்களுக்கு உண்மையாகச் சிபாரிசு செய்வது முட்டைக்கோஸ். இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் பாக்டீரியாதான் கோஸையும் முதலில் புளிக்க வைக்கிறது. கோஸ் நல்ல ருசியோடு புளிக்க 18 முதல் 21 டிகிரி வேண்டும். கோயம்புத்தூரில் அந்தச் சூடு கிடைப்பது கஷ்டம், அங்கே சீக்கிரம் குழைந்துவிடும். குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அது இயல்பாகவே கிடைக்கிறது. ஊட்டியில் சில நாள் கூட ஆகும், அவ்வளவுதான். மாவு புளிக்கவில்லை என்று நாம் நொந்துகொள்ளும் இதே குளிர் கோஸுக்கு வரம்.

உழவர் சந்தையில் காலையில் வந்த இறுக்கமான கோஸாக வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு, கண் அளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டு, கையில் தண்ணீர் விடும்வரை பிசையுங்கள். கேரட்டும் மலைப்பூண்டும் சேர்க்கலாம். கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, மேலே ஒரு முழு இலை, அதன் மேல் கழுவிய கல். காய் எப்போதும் தண்ணீருக்குள் முங்கியே இருக்க வேண்டும், முக்கியமான விதி இதுதான். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேறட்டும். மூன்று நான்கு வாரத்தில் தயார். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். பச்சை, கறுப்புப் பூசணம் கண்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். தாளிக்காதீர்கள், வதக்காதீர்கள், சாப்பிடும்போது தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அவரை, சாமை, ராகிக் களி என்று இந்த மலைச் சாப்பாட்டையும் பழகுங்கள். கார்க் ஆய்வில் கொடுத்த பருப்பும் முழுத் தானியமும் இங்கே படுகர் வீடுகளில் அன்றாடம்.

முதல் வாரம் ஒரு ஸ்பூன் போதும், எடுத்த எடுப்பில் கூடினால் வயிறு உப்பும். ரத்தக் கொதிப்பு இருந்தால் உப்பைக் கணக்கில் வையுங்கள். மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்துகளோ, காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிடோ எடுத்தால், புளித்த உணவில் உள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடலாம். மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டபிறகு ஜாடியைத் திறங்கள். கோஸ் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.