மகமை ஏட்டைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் வரலாற்றை எழுதி மலராக வெளியிடப் போகிறோம். பதிவுச் சான்றிதழில் 1981 என்று இருக்கிறது. பெரியவர்களோ, சங்கம் தங்கள் தாத்தா காலத்திலேயே இருந்தது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகர், அருப்புக்கோட்டை அருகே

பதில்: பெரியவர்கள் சொல்வதை நம்பித் தொடங்குங்கள். 1981 உங்கள் சங்கம் பதிவாளரிடம் பெயர் கொடுத்த ஆண்டு, அவ்வளவுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே 1975-இல் வந்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்குங்கள்; விதிமுறைகளும் நிர்வாகிகள் பெயரும் கிடைக்கும். ஆனால் சங்கத்தின் உயிர் அதில் இருக்காது. அது மகமை ஏட்டில் இருக்கும்.

மகமை என்பது, மூட்டைக்கு இவ்வளவு அல்லது ரூபாய்க்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே பேசி முடிவு செய்து பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பணம். உங்கள் வட்டாரத்தில் அது பிறந்தது வண்டிப் பாதையில். 19-ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து மாட்டுவண்டியில் சரக்கேற்றி ராமநாதபுரம் சீமைக்கு வந்த நாடார் வியாபாரிகளுக்கு வழிப்பறி பயம் இருந்தது. இரவில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்க, மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். அங்கே தங்கியவர்கள் கொடுத்த பணம் மகமையானது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இது வேர் பிடித்தது. பணத்தை உறவின்முறை, அதாவது அந்தந்த ஊர் நாடார்களின் சமுதாய அமைப்பு, நிர்வகித்தது.

பாதை பயம் குறைந்த பிறகும் மகமை நிற்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். திருடனுக்குப் பயந்து சேர்த்த காசு, அப்புறம் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது.

என் அப்பா ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் அன்றைய மகமையைக் கூட்டிச் சொல்வது என் வேலை. கூட்டல் தப்பினால், "ஊர்ப் பணம்டா, மறுபடி போடு" என்பார். அந்த ஊர்ச் சங்கக் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது பழைய ஏடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிய வந்தபோது ஒரே ஒரு ஏடு மிஞ்சியிருந்தது. அதில் ஒரு பக்கத்தில், பள்ளிக்கூட மணி வாங்கிய செலவு. அடுத்த வரியில், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் காரியச் செலவு. அவர் பெயரை வேறெந்தக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: மலருக்கு விளம்பரம் பிடிக்கும் முன் ஏடுகளைக் காப்பாற்றுங்கள். செயலாளர்களாக இருந்தவர்களின் வீட்டுப் பரணில் தேடுங்கள். கிடைத்ததைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிடுங்கள்.

படிப்பதில் இரண்டு சிக்கல் வரும். ஆண்டைத் தமிழ்ப் பெயரில் எழுதியிருப்பார்கள். சர்வசித்து என்றால் 1947-ஆகவும் இருக்கலாம், 1887-ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். பக்கத்தில் வரும் ஆள் பெயர்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கணக்கோ 1957 வரைக்கும் அணா, பைசா. மாகாணி ரூபாய் என்று இருந்தால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஓரணா. எடை, வீசையிலும் மணங்கிலும் இருக்கும். எட்டு வீசை ஒரு மணங்கு. பழைய கணக்குப்பிள்ளை யாராவது இருந்தால் உடனே போய்ப் பாருங்கள்.

கேள்வி: சோழர் காலத்திலேயே வணிகர் சங்கம் இருந்ததாமே? அதையும் மலரில் சேர்க்கலாமா?

பதில்: இருந்தன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று பெரிய குழுக்கள். ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்ராவின் பாரூசில் தமிழில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், சிங்கம்புணரி அருகில் பிரான்மலை இருக்கிறது. அங்கே 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் நெல், உப்பு, மிளகு, பாக்கு என்று சரக்கு வாரியாகக் கோயிலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று வணிகர்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். ஆனால் அவர்களின் நேர் வாரிசு நீங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். அதற்கு ஆதாரம் வேண்டும்.

கேள்வி: எங்கள் சங்கம் முதலில் ஒரே சாதியாருக்காக இருந்தது. இப்போது எல்லோரும் இருக்கிறோம். பழைய கதையை விட்டுவிடலாம் என்கிறார் தலைவர்.

பதில்: விடாதீர்கள். அவமதிப்பையும் பயத்தையும் சந்தித்த மக்கள் ஒன்று கூடி எழுந்த கதை அது. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. கூடவே, அந்தப் பணத்தில் வெட்டிய கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். கேட்க வேண்டியவர்கள் சங்கத்துக்கு வெளியேதான் இருப்பார்கள். முக்கியமாக, வேற்றுச் சாதியிலிருந்தோ வேற்று மதத்திலிருந்தோ முதல் கடைக்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று பாருங்கள். அவர் மகமை கட்டிய முதல் நாளில், பேரேட்டில் அவர் பெயருக்கு ஒரு புதுப் பக்கம் திறந்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை மலரில் அப்படியே அச்சிடுங்கள்.