கேள்வி–பதில்: கிளைக்குழாய் வெல்டில் வெப்பத் தகைவு

கேள்வி: 200 மி.மீ. தெர்மிக் ஆயில் (சூடான எண்ணெய்) ஹெடரில் (முதன்மைக் குழாயில்) துளையிட்டு 100 மி.மீ. கிளையை நேரடியாக வெல்ட் செய்திருக்கிறோம். இரண்டும் ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) கார்பன் ஸ்டீல். ஹெடரின் ஆங்கருக்கும் (குழாயை அசையாமல் பிடிக்கும் இடம்) கிளைக்கும் இடையே 20 மீட்டர். கிளை செங்குத்தாகப் பிரிந்து 3 மீட்டரில் இன்னோர் ஆங்கரில் முடிகிறது. எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ். பேட் (கிளையைச் சுற்றி வெல்ட் செய்யும் வலுவூட்டும் தகடு) போட்டால் போதுமா?

பதில்: போதாது. 20 டிகிரியில் பொருத்தியதாகக் கொண்டால் வெப்பம் 160 டிகிரி ஏறுகிறது. கார்பன் ஸ்டீல் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். ஆக, கிளையின் அடியை ஹெடர் 38.4 மி.மீ. இழுத்துப் போகிறது, மறுமுனை அசையாது. இரு முனையும் திரும்பாது என்று கொண்டால் (கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் கணக்கு, முதல் சோதனைக்கு அதுதான் நல்லது) வளைவுத் தகைவு (3 × நெகிழ்வுக் குணகம் × கிளையின் வெளிவிட்டம் × நகர்வு ÷ நீளத்தின் வர்க்கம்): 3 × 2,00,000 × 114.3 × 38.4 ÷ 3000² = 293 மெகாபாஸ்கல்.

வெல்ட் இருக்கும் இடத்தில் இது பெருகும். ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிநூலின் பழைய பதிப்புகள் தந்த சூத்திரப்படி, ஹெடர் தடிமன் 8.18-ஐ அதன் சராசரி ஆரம் 105.5-ஆல் வகுத்தால் 0.0776. அதிலிருந்து, ஹெடரும் கிளையும் அமைந்த தளத்துக்கு வெளியே வளைந்தால் தகைவுப் பெருக்கக் காரணி 4.95, உங்கள் கிளைபோல ஹெடரோடு ஒரே தளத்தில் வளைந்தால் 3.96. கிளையின் வெட்டுமுகக் கணக்கில் ஹெடர் தடிமனை எடுக்க அனுமதி உண்டு என்பதால் 0.7-ஆல் பெருக்கலாம். விடை சுமார் 810 மெகாபாஸ்கல். ஏ106 கிரேடு பி என்ற கார்பன் ஸ்டீல் குழாய்க்கு, 7,000 சுழற்சிக்குள், அனுமதி 1.25 × 138 + 0.25 × 138 = 207 மட்டுமே (138 என்பது குளிரிலும் சூட்டிலும் அதன் அடிப்படை அனுமதித் தகைவு).

ஹெடர் தடிமனிலேயே பேட் போட்டால் காரணி 2.14 ஆகும், தகைவு 440-க்கு அருகில் நிற்கும். இன்னும் இருமடங்கு. தகைவு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், பேட்டோடு கிளையை 4.5 மீட்டராக்குங்கள், பேட் இல்லாமல் 6 மீட்டர் வேண்டும். இடமில்லையென்றால் ஹெடர் ஆங்கரைக் கிளையிலிருந்து 9 மீட்டருக்குள் நகர்த்தி, பேட்டும் போடலாம். ஹெடரின் மறுமுனை அப்போது கூடுதலாக நகரும், அங்கிருக்கும் கிளைகளையும் சரிபார்க்க வேண்டும். கிளை முடிவது பம்ப் நாசிலில் (பம்பின் இணைப்பு வாயில்) என்றால் நாசில் சுமையைத் தனியாகப் பாருங்கள், தகைவு தேறினாலும் அது தேறாமல் போகலாம். கோல்ட் ஸ்பிரிங் (குழாயைக் குறைநீளத்தில் வெட்டி முன்கூட்டியே இழுத்துப் பொருத்துவது) செய்து தகைவைக் குறைத்துவிட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டாம். தகைவு வீச்சில் (குளிருக்கும் சூட்டுக்கும் இடையே தகைவு மாறும் அளவில்) அதற்குச் சலுகை கிடையாது.

கேள்வி: தகைவுக் கணக்கு மென்பொருளில் தேறிய கிளை. ஆனால் வெல்ட் ஓரத்தில் விரிசல். ஏன்?

பதில்: முதலில் உள்ளீட்டைப் பாருங்கள். நேரடி வெல்ட் கிளைக்கு வெல்டிங் டீ (தயார்நிலை T வடிவ இணைப்பு) என்று வகை கொடுத்திருந்தால், முதல் கேள்வியின் அளவுகளில் தளத்துக்கு வெளியேயான காரணி 4.95-க்குப் பதில் 2.3 என்று விழும். தேறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்தது, கிளைக்குப் பக்கத்தில் வரைபடத்தில் இல்லாத கைடோ (பக்கவாட்டு நகர்வைத் தடுப்பது), தரையில் உரசும் ஷூவோ (குழாயின் அடித்தாங்கி) இருக்கிறதா என்று குழாய் சூடாக இருக்கும்போதே நேரில் பாருங்கள்.

இவை சரியென்றால் சுவருக்குள் ஏற்படும் வெப்ப வேறுபாட்டைச் சந்தேகியுங்கள். குழாயைக் கம்பியாகக் கொள்ளும் மென்பொருள் இதைக் கணக்கிடாது. உள்–வெளிச் சுவருக்கிடையே ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் கார்பன் ஸ்டீலில் சுமார் 1.7 மெகாபாஸ்கல் சேரும். 50 டிகிரி என்றால் 86. சூடான ஹெடரில் குளிர்ந்த திரவம் கிளை வழியாக விட்டுவிட்டு வந்தால் இது நாளுக்கு நூறு முறைகூட நிகழும். கிளை வால்வு கசிகிறதா பாருங்கள்.

கேள்வி: பேட்டில் உள்ள சிறு துளையை அடைத்துவிடலாமா?

பதில்: வெல்டிங்கும் வெப்பப் பதப்படுத்தலும் முடியும்வரை கண்டிப்பாகத் திறந்திருக்க வேண்டும், உள்ளே சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி. பயன்பாட்டிலும் கெட்டியாக அடைக்காதீர்கள். மழைநீர் புகாமல் கிரீஸ் வைத்தால் போதும். உள்வெல்ட் கசிந்தால் எண்ணெய் முதலில் தெரிவது அந்தத் துளையில்தான்.