கடைசியில் ஏன் எப்போதும் நானே மன்னிப்புக் கேட்கிறேன்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 26 வயது. எட்டு மாதமாக ஒருவரைக் காதலிக்கிறேன். முதல் இரண்டு மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் விழிக்கும்போதே பத்துப் பதினைந்து மெசேஜ் வந்திருக்கும்; மூன்றாவது வாரமே கல்யாணப் பேச்சை எடுத்தார். இப்போது என் உடை, வேலை, தோழிகள் என எல்லாவற்றிலும் குறை காண்கிறார். வருத்தமாக இருக்கிறது என்றால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீயாகக் கற்பனை செய்கிறாய்" என்பார். இரண்டு மூன்று நாள் பேசமாட்டார். நான் மன்னிப்புக் கேட்டதும் பழையபடி அன்பைக் கொட்டுவார். அவர் நார்சிசிஸ்ட் என்கிறாள் என் தோழி. அப்படித்தானா? இல்லை, நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தன்னையே பெரிதாக எண்ணிப் பிறர் உணர்வைப் பொருட்படுத்தாதவரைத்தான் நார்சிசிஸ்ட் என்கிறார்கள். அது கோளாறாகும் அளவுக்குப் போனால், தன்மோக ஆளுமைக் கோளாறு என்பது மருத்துவப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதற்கு 9 அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5 இருக்க வேண்டும், அதுவும் பல சூழல்களில் நீண்ட காலமாக. நிபுணர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் அதை முடிவுசெய்ய முடியும். உங்களுக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. கோளாறே இல்லாதவர் இப்படி நடந்தாலும் உங்களுக்கு வலிப்பது வலிப்பதுதான்.

சண்டையில் கோபப்படுவதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் யாருக்கும் நேரும். கோபம் தணிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் வருத்தத்தில் தொடங்கும் பேச்சு ஒவ்வொரு முறையும் உங்கள் மன்னிப்பில் முடிந்தால், நடுவில் உங்கள் வருத்தம் எங்கோ காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று பிடிக்க, ஐந்தாறு வாரம் எழுதிவையுங்கள்: தேதி, பேச்சு எதில் தொடங்கியது, அவர் சொன்ன அதே வார்த்தைகள், எதில் முடிந்தது. அன்றன்றைக்கே எழுதுங்கள், அவர் கையில் கிடைக்காத இடத்தில் வையுங்கள். அவரிடம் காட்ட வேண்டாம். அதுவே அடுத்த சண்டையாகும். "நான் சொல்லவே இல்லை" என்று அவர் மறுக்கும்போது உங்கள் நினைவு உங்களுக்கே சந்தேகமாகிவிடக் கூடாது. குறிப்பு அதற்குத்தான்.

இன்னொன்று, சின்னதாக ஒரு மறுப்பு. "இந்த ஞாயிறு தோழிகளோடு இருப்பேன், திங்கள் மாலை சந்திப்போம்." அவ்வளவுதான், காரணம் அடுக்காதீர்கள், சொல்லும் ஒவ்வொரு காரணமும் வாதத்துக்கு இடமாகும். அவர் ஏமாற்றமடைவது இயல்பு. மௌனம், குத்தல் பேச்சு, ஓயாத அழைப்புகள், "அப்படியானால் பிரிந்துவிடலாம்" என்ற மிரட்டல் என்று அதற்குத் தண்டனை வருகிறதா? ஒரு தடவையை வைத்து முடிவுகட்டாமல், வெவ்வேறு விஷயங்களில் மூன்று முறை கவனியுங்கள். இவ்வளவு சின்ன மறுப்பைச் சொல்லவே பயமாக இருந்தால் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கேள்விக்கு அந்தப் பயமே பதில் சொல்லிவிட்டது.

அவர் எப்போதாவது மன்னிப்புக் கேட்டால் அதையும் உரசிப் பாருங்கள். "உனக்கு அப்படித் தோன்றியிருந்தால் சாரி" என்பதில் அவர் செய்தது எதுவுமே இல்லை. செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறாரா, மூன்று வாரம் கழித்தும் அது திரும்பாமல் இருக்கிறதா?

நீங்கள் மன்னிப்புக் கேட்டதும் வரும் அந்த அன்புதான் உங்களை இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட விடாப்பிடியாக நம்மைக் காத்திருக்க வைக்கும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளிடம் செய்த சோதனைகளில் கண்டது இது. விலக முடியாமல் தவிப்பதை உங்கள் பலவீனமாக எண்ணாதீர்கள்.

"நீங்கள் நார்சிசிஸ்ட்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லே உங்கள்மீது திரும்பும். அவரிடம் பயம் இருக்கும் நிலையில் ஜோடியாக ஆலோசனைக்கும் போகாதீர்கள். அங்கே மனம் திறந்து சொன்னது வீட்டில் ஆயுதமாகலாம். தனியாகப் போங்கள்.

போனைச் சோதிப்பது, பின்தொடர்வது, கை ஓங்குவது ஏதாவது இருந்தால் பிரிவை நேரில், தனியாக இருக்கும்போது சொல்லாதீர்கள். பிரியும் சமயத்தில் வன்முறை கூடக்கூடும். நம்பகமான ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, லொகேஷன் பகிர்வை நிறுத்திவிட்டு, போனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தற்கொலை செய்துகொள்வேன் என்று அவர் மிரட்டினால் அவர் குடும்பத்துக்கும் அவசர உதவிக்கும் உடனே தெரிவியுங்கள். அதற்காக நீங்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை.

அதிகம் எதிர்பார்க்கிறேனா என்று கேட்டீர்கள். வலிக்கிறது என்றால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது எந்த உறவிலும் அதிகமில்லை. உண்மையைச் சொல்லத் துணிந்த அந்தத் தோழியை இந்த வாரமே நேரில் பாருங்கள். உங்கள் காதலர் குறை சொல்லும் தோழிகளில் அவரும் ஒருவர்தானே.