இறந்த அப்பா எழுதிக் கொடுத்த 'பவர்'

கேள்வி: காசிமேட்டில் குடியிருக்கிறோம். அப்பா கொடுங்கையூரில் வாங்கிப் போட்ட அரை கிரவுண்ட் மனை காலியாகவே கிடந்தது. அவர் 2016-ல் தவறிவிட்டார். போன மாதம் போய்ப் பார்த்தால் யாரோ தகர வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், அப்பா 2021-ல் ஒருவருக்குப் பவர் (தன் சார்பில் சொத்தை விற்க அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்ததாகவும், அவர் மனையை விற்றுவிட்டதாகவும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: இறந்தவர் பவர் கொடுக்க முடியாது. உயிரோடிருந்தபோது கொடுத்த பவரே பொதுவாக அவரோடு முடிந்துவிடும். ஆக, உங்கள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக் கடத்தாதீர்கள்.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பவருக்கும் கிரையத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பவரில் அப்பா பெயரில் ஒட்டியிருக்கும் போட்டோவைப் பாருங்கள். அது வேறு யாரோவாக இருக்கும். பக்கத்திலுள்ள கைரேகையும் அந்த ஆளுடையதுதான். ஆள்மாறாட்டத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர், முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றோடு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நில மோசடியை மத்தியக் குற்றப்பிரிவு விசாரிக்கும். 'இது சிவில் மேட்டர்' என்று தட்டிக்கழித்தால், மேலதிகாரிக்கு எழுதிய பிறகு, மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

போலீஸ் புகாரோடு நிறுத்திவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6-வது பிரிவின்படி வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற விவாதத்துக்கே போகாமல் சுவாதீனத்தை, அதாவது இடத்தின் கைவசத்தை, திரும்பக் கேட்கலாம். அந்தக் கெடு தாண்டினாலும் கதவு மூடிவிடாது, ஆனால் உரிமையை நிரூபிக்கும் நீண்ட வழக்காகிவிடும். பத்திரங்களை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரியவந்ததிலிருந்து 3 வருடம் அவகாசம். வழக்கோடு தடையாணையும் கேளுங்கள். வாரிசுகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்துவிடுவார்' என்று சொல்லிப் பணம் கேட்கும் புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு வழிசெய்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. அப்புறம், 'பாதி கொடு, நானே காலி பண்ணித் தருகிறேன்' என்று வரும் கட்டப்பஞ்சாயத்து ஆட்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலியை நீங்களே பிடுங்கவும் வேண்டாம். போட்டோ எடுத்து வையுங்கள், போதும்.